இடப்பக்க இருக்கைக்கு ஒரு கார்

ஜனவரி 6, திங்கள்

முதலில் ஒரு திருத்தம். நான் பேரனுக்கு ரேஸ் கார் வாங்கவில்லை. எனக்குப் பேரன் கிடையாது. பேத்தியும் கிடையாது. கணவர் போன துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று இரண்டாம் தளத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அதுவும் தவறு. அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. தடுமாறுவதாக இருந்தால் அப்போதே தடுமாறியிருப்பேன். வாங்கப்போவது ரேஸ் காரும் அல்ல; நான்கு கதவு வைத்த சின்னக் கார்தான், என்ஜின் மட்டும் கொஞ்சம் துடிப்பானது. அதுவும் பழைய கார். வங்கியில் முதிர்ந்திருக்கும் ஒரே ஒரு வைப்புத்தொகைக்குள் அது அடங்க வேண்டும்.

கட்டடம் முழுக்கச் செய்தி பரப்பியது பழனாத்தாள். காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"நான் எங்கீங்கம்மா சொன்னேன்? லிப்ட்ல அந்த டாக்டரம்மா கேட்டாங்க, ஆமாங்கன்னேன். அவ்வளவுதானுங்க."

"என்ன கேட்டாங்க?"

"உங்கம்மா இந்த வயசுல பறக்கற காரு வாங்குதாமேன்னாங்க."

"வாங்குதாமே இல்ல. வாங்கறாங்களாமே."

"அத அவங்ககிட்டயே சொல்லுங்க. காரு வந்தா என்னயத் தெனமும் உக்கடத்துல எறக்கி உட்டுருங்க, எனக்கு அது போதும். பஸ்ல நின்னு நின்னு இடுப்பே போச்சு."

சிலிண்டர் வரவில்லை. நாளை மறுபடி கூப்பிட வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

மோட்டார் சங்கச் செயலாளர் குரியன் பேசினார். பிப்ரவரி பதினைந்தாம் தேதி மலைப்பாதை ராலி.

இதைப் படிக்கிறவர் யாரும் இல்லை என்றாலும் தெளிவாக எழுதிவிடுகிறேன். இது முந்திச் செல்கிற போட்டி அல்ல. எந்தச் சாலையில் என்ன வேகத்தில் போக வேண்டும் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். வழியில் எங்கோ ஒளிந்திருந்து நேரம் குறிப்பார்கள். தாமதமாக வந்தால் குற்றம், சீக்கிரம் வந்தாலும் குற்றம். ஒருவர் ஓட்டுவார். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் தாளைப் படித்து, நேரத்தைப் பார்த்து, வரப்போகும் வளைவைச் சொல்லிக்கொண்டே வருவார். ஓட்டுகிறவர் திருப்பிப் பேசக் கூடாது. 'ம்' என்று மட்டும் சொல்லலாம். எங்கள் வீட்டில் அவர் முப்பது வருடம் ஓட்டினார், நான் முப்பது வருடம் படித்தேன். அந்தக் கதவுகளுக்கு உள்ளே என் பேச்சுதான் சட்டம். வெளியே வந்தால் அவர் பேச்சு. திருமணத்தை நடத்த இது மோசமான ஏற்பாடு அல்ல.

அவர் கை நடுங்கத் தொடங்கிய பிறகு இரண்டு வருடம் தேன்மொழி ஓட்டினாள். தேன்மொழி என் மகன் நிர்மலின் மனைவியாக இருந்தவள். விவாகரத்தாகி மூன்று வருடம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பழைய கார் நவம்பரில் உடைப்பவரிடம் போயிற்று. குரியன் சொன்னார்: "மேடம், இந்த வருஷம் லேடீஸ் செக்‌ஷன் தனியா வெச்சிருக்கோம். நீங்க இல்லேன்னா எப்படி? ஃபாரம் அனுப்பறேன். ரெண்டு பேர் எழுதணும், டிரைவர் ஒண்ணு, நீங்க ஒண்ணு."

முதலில் கார், பிறகு பெயர் என்று சொன்னேன்.

ஜனவரி 9, வியாழன்

அவிநாசி சாலையில் ஷாஜகானின் பழைய கார் நிலையம். மனிதர் மரியாதை தெரிந்தவர். ஒரே குறை, பேச்சுக்கு நடுவில் மூச்சு விடுவதில்லை.

இரண்டு கார்கள் என் தொகைக்குள் வருகின்றன. கம்பெனிப் பெயர்களை எழுதப்போவதில்லை. விளம்பரம் செய்ய எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. ஒன்று மஞ்சள், மற்றது நீலம். மஞ்சள் நான்கு வருடம் ஓடியது. கையால் கியர் மாற்றுவது. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் கல் மாதிரி. உதிரிபாகம் வாங்கப் போனால் அழ வேண்டியிருக்கும் என்று ஷாஜகானே ஒப்புக்கொண்டார். நீலம் இரண்டு வருடம்தான் ஓடியது. கிளட்ச் மிதியே கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். ஆசையாக இருந்தால் ஸ்டியரிங் பின்னால் உள்ள இரண்டு இறக்கைகளை விரலால் தட்டி நாமும் மாற்றலாம். இழுவை இரண்டிலும் அருமை. மஞ்சளில் அது முதுகில் தெரிகிறது, நீலத்தில் மீட்டர் முள்ளில் தெரிகிறது.

இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். மஞ்சளில் முழங்காலுக்கு முன் இடம் தாராளம், அட்டை வைத்து எழுதலாம். படிக்கும் விளக்கு சரியான இடத்தில் விழுகிறது. நீலத்தில் விளக்கு கண்ணைக் குத்துகிறது. மஞ்சளின் இருக்கை தோளைப் பிடித்துக்கொள்கிறது, வளைவில் பென்சில் நழுவாது. பள்ளியில் சிஸ்டர் பெர்னடெட் சாய்ந்து உட்காரவே விடமாட்டார். அப்படிப் பழகிய முதுகுக்கு இது சொகுசு.

ஷாஜகான் வெளியே குனிந்து நின்றார். "அம்மா, ரெண்டு வண்டியிலயும் இந்தப் பக்கமே உக்காந்து பாத்துட்டு இருக்கீங்க. ஓட்டப்போறது யாருங்க?"

"விலையைச் சொல்லுங்க" என்றேன்.

ஜனவரி 11, சனி

நிர்மல் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். கார் எதற்கு, ஆப்பில் டாக்ஸி வராதா என்றான். வரும், ஏசி போடச் சொன்னால் முறைப்பார்கள் என்றேன்.

"சரி, வாங்கறதுன்னா வாங்குங்க. டிரைவர் சீட்டு எப்படிம்மா இருக்கு? ஒசரம் சரியா வருதா? ரோடு நல்லாத் தெரியுதா?"

நியாயமான கேள்வி. அடுப்பில் பால் இருக்கிறது என்றேன்.

அவன் பின்னால் ஒரு பெண் குரல், எதையோ எங்கே வைத்தாய் என்று கேட்டது. ஆறு வருடமாக அந்தக் குரலைக் கேட்கிறேன். டிவி என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிலிண்டர் வந்தது. வாஷர் இல்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. எரிக்க ஒன்றும் இல்லை. முழங்கால் டாக்டரைப் பார்த்தேன். அவர் சொன்னது எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், எழுத வேண்டியதில்லை. மார்கழிக் குளிர்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பது இன்னும் பிடிபடவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

நீலத்தை ஓட்டிப் பார்த்தேன். மருதமலை அடிவாரம் வரை போய்த் திரும்பினேன். ஷாஜகான் இடப்பக்கம் உட்கார்ந்து ஒரு கையால் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், நான் லாரியை முந்தியபோது இரண்டு கையாலும்.

"ஏம்மா, நீங்க மெதுவாப் போவீங்கன்னு நெனச்சேன்."

"மெதுவாப் போறதுக்கு இந்தக் கார் எதுக்கு?"

"அதுவும் சரிதாங்க. எங்க வீட்டம்மா ஸ்கூட்டிய ரெண்டாவது தெருவத் தாண்டி எடுத்துட்டுப் போனதில்ல. உங்களக் கூட்டிட்டுப் போயிக் காட்டணும்."

குறை சொல்ல ஒன்றுமில்லை. இடது காலுக்கு வேலையே இல்லை. திருப்பம் கேட்ட இடத்தில் கிடைக்கிறது, பிரேக் கேட்ட அளவுக்குப் பிடிக்கிறது. எங்கள் ஊர் ராமநாதபுரம் சிக்னலில் நின்று கிளம்புவதற்கு இதைவிட நல்ல கார் கிடைக்காது. மருந்துக்கடை, வங்கி, கண் ஆஸ்பத்திரி, பழனாத்தாளின் உக்கடம், எங்கே வேண்டுமானாலும் யார் தயவும் இல்லாமல் போய் வரலாம். எழுபத்தொரு வயதில் இது சின்ன விஷயம் அல்ல.

திரும்பும் வழியில், வடவள்ளி தாண்டி, வளைவு வருவதற்கு முன்பே "வலது, அகலம்" என்று வாய் சொல்லிவிட்டது. ஓட்டுவதும் நான், சொல்வதும் நான். ஷாஜகான் "என்னங்கம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

நீலத்தை வாங்குவதுதான் சரி. முடிவு செய்துவிட்டேன். அசதியாக இருக்கிறது, நல்ல முடிவு எடுத்த அன்று இவ்வளவு அசதி கூடாது.

ஜனவரி 20, திங்கள்

முடிவு செய்த பிறகும் மற்றதைப் பார்க்காமல் விடுவது ஒழுங்கல்ல. மஞ்சளை இன்று பார்த்தேன். ஷாஜகான் ஓட்டினார். பொள்ளாச்சி சாலை நன்றாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். நல்ல சாலைதான்.

கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புகளுக்குள் பிரிகிற சாலையில் போகச் சொன்னேன். வளைவுகளைச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். "இடது, இறுகும்" என்றால், "ஆமாங்கம்மா, இங்கதான் போன மாசம் ஒரு டெம்போ கவுந்துச்சு, எங்க மச்சான் பையன் வண்டி" என்று கதை தொடங்கும்போது வளைவு பின்னால் போயிருக்கும். இதற்கு நீலமே மேல்.

அந்தச் சாலையில் தேன்மொழியின் அப்பாவுடைய கயிற்று நார்க் களம் இருக்கிறது. இப்போது அதை அவள் நடத்துகிறாள். தண்ணீர் குடிக்க எங்காவது நிறுத்த வேண்டியிருந்தது.

அவள் நார்க்கட்டு ஏற்ற வந்த லாரிக்கு ரிவர்ஸ் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி லாரியை நிறுத்தினாள். மெலிந்திருக்கிறாள். துப்பட்டாவை இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்தாள். தலையெல்லாம் நார்த்தூசி.

"வாங்க அத்தை."

அப்படிக் கூப்பிட வேண்டிய அவசியம் சட்டப்படி அவளுக்கு இல்லை. கூப்பிட்டாள்.

"நல்லா இருக்கியா?"

"பாக்கறீங்கல்ல. உள்ள வாங்க, வெயிலு."

"இல்ல. கார் பாக்க வந்தோம்."

"காரு ஷோரூம்ல இருக்கும்ங்க. இங்க தேங்காமட்டதான் இருக்கு."

பழைய வாய் அப்படியே இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தால் சிரித்திருப்பார். நான் தண்ணீரைக் குடித்தேன்.

ஷாஜகான் சும்மா இருக்கவில்லை. "மேடத்துக்கு ஓட்டத் தெரியுங்களா? ஒரு ரவுண்டு போயிப் பாருங்க. இந்தம்மா நான் ஓட்டறதுல திருப்தியில்லாம வர்றாங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் காரின் டயரைப் பார்த்தேன். அவள் குழாயடியில் போய்க் கை கழுவி, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்தாள். உட்கார்ந்து, குனிந்து பார்க்காமலே நெம்புகோலைத் தேடி இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

"நேரா. மேடு. தாண்டினா வலது, அகலம்."

"ம்."

"பாலம். குறுகல். அப்புறம் இடது, இறுகும். ரெண்டாவது கியர்."

"ம்."

மஞ்சள் கார் அந்த இடத்தில் ஒரு முறை முனகிவிட்டு எங்களைத் தூக்கி வெளியே எடுத்தது. கால்வாய்க் கரை, மாந்தோப்பு, பள்ளிக்கூட வேகத்தடை. நான் சொன்னேன், அவள் செய்தாள். அவள் வேகம் குறைக்கிற இடம் நான் நினைத்த இடமாகவே இருந்தது. என் பேச்சும் அவள் கையும் ஒன்றை ஒன்று முந்தவில்லை. எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியவில்லை. நான் மீட்டரைப் பார்க்க மறந்துவிட்டேன். இப்படி எனக்கு நடந்ததில்லை.

களத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தி என்ஜினை அணைத்தாள்.

"நல்ல வண்டி அத்தை. வாங்காதீங்க."

"ஏன்?"

"உங்களால கிளட்ச் மிதிக்க முடியாது. வந்தப்பவே பாத்தேன், ரெண்டு கையாலயும் கதவப் புடிச்சுட்டு எறங்கறீங்க. வேற எதாச்சும் பாத்தீங்களா?"

நீலத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அத வாங்குங்க. நாளைக்கு ஒரு மாத்திர வாங்கணும்னாலும் யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"யாரையும் கேட்டு எனக்குப் பழக்கம் இல்ல."

"தெரியும்ங்க."

சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வந்து ஓட்டுவேன்னு மனசுல வெச்சுட்டு இத வாங்கிராதீங்க அத்தை. அப்படி இருந்தா, வாயத் தொறந்து கேளுங்க. இனி நானா வர மாட்டேன். போன தடவ நானாத்தான் வந்தேன்."

போன தடவை என்று அவள் சொன்னது அவர் இறந்த அன்றைக்கு வந்ததை. காலையிலேயே வந்து கேட் பக்கத்தில் நின்றாள். மாலை வரை நின்றாள். யாரோ அவளுக்குக் காபி கொடுத்தார்கள். யார் என்று நினைவில்லை. நான் இல்லை.

"லாரி காத்துட்டு இருக்கு" என்றேன்.

"ஆமாங்க" என்று இறங்கிப் போனாள்.

திரும்பும் வழி முழுக்க ஷாஜகான் அவள் ஓட்டுவதைப் பற்றியே பேசினார். எனக்குத் தலைவலி.

ஜனவரி 21, செவ்வாய்

படுத்திருந்தேன். பழனாத்தாள் ரசம் வைத்தாள். உப்பு அதிகம்.

ஜனவரி 23, வியாழன்

நிர்மல். எந்தக் கார் என்று கேட்டான். இரண்டில் ஒன்று, அதைத் தேன்மொழியிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். மறைத்துச் சொல்லத் தெம்பு இல்லை.

"யாருகிட்ட?"

"காது கேக்குதுல்ல."

"அம்மா, உங்களுக்கு என்ன ஆச்சு? பெரியப்பா, மாமா எல்லாரும் உக்காந்திருந்தப்ப நீங்கதானே சொன்னீங்க? அவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது, என் பையன் மேல ஒரு தப்பும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. வண்டி நல்லா ஓட்டுவா."

"அவ அந்தக் கார்ல உக்காந்தா நான் அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"தீபாவளிக்கு வந்தியா?"

ஆபீஸ் வேலையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான்.

"பொங்கலுக்கு?"

"லீவு இல்லம்மா. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். எனக்கு எல்லாமே தெரியும் நிர்மல். போன வை. பின்னால அவங்க உன்னக் கூப்பிடறாங்க."

அவன் வைத்துவிட்டான். அவன் வைக்கும் வரை நானும் வைக்கவில்லை. என் ஒரே பிள்ளை.

சாயங்காலம் ஷாஜகான். "அம்மா, நீலத்துக்கு ஒரு பேங்க் மேனேஜர் வந்து நிக்கறாரு. மஞ்சளுக்கு ரெண்டு காலேஜ் பசங்க சுத்திச் சுத்தி வர்றானுங்க. உங்களுக்காக முப்பதாந்தேதி வரைக்கும் ரெண்டையும் நிறுத்தி வெக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாதுங்க."

போதும் என்றேன். குரியனின் படிவம் மேசையில் கிடக்கிறது. என் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் தட்பவெப்பம் அதிகம். இரண்டாவதில் என்னைப் பற்றி அதிகம். மூன்றாவது நன்றாக இருந்தது, அதனால் கிழித்தேன். நான்காவதை மதியம் கூரியரில் போட்டாயிற்று. நான் எழுதும் எந்தக் கடிதத்துக்கும் ஒரு நகல் வைப்பது வழக்கம். இது அந்த நகல்.

தேன்மொழிக்கு,

ஷாஜகான் இரண்டு கார்களையும் முப்பதாம் தேதி வரை எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். என்னால் ஒன்றுதான் வாங்க முடியும். நீலத்தை வாங்கினால் நானே ஓட்டிக்கொள்வேன். ஊருக்குள் போய் வர எனக்கு எந்தக் குறையும் இருக்காது. நீ சொன்ன யோசனை சரியான யோசனை.

மஞ்சளை வாங்கினால் என்னால் ஓட்ட முடியாது. என் இடது முழங்கால் போய்விட்டது. இதை வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை.

வாயைத் திறந்து கேட்கச் சொன்னாய். கேட்கிறேன். பிப்ரவரி பதினைந்தாம் தேதி ராலிக்கு நீ எனக்கு ஓட்டுவாயா? அது முடிந்த பிறகும் மாதத்தில் ஒரு நாள் வந்து ஓட்டுவாயா? அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் கார் கீழே சும்மா நிற்கும், நான் ஆட்டோவில் போவேன். இது புத்திசாலித்தனமான காரியம் அல்ல என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

ராலிக்கு முதல் நாள் நீ இங்கே வந்து தங்க வேண்டியிருக்கும். வாசல் வரை நான் வந்து அழைத்துப் போவேன். நிர்மலிடம் சொல்லிவிட்டேன். அவன் சம்மதத்தை நான் கேட்கவில்லை.

உன்னால் முடியாது என்றால் முடியாது என்றே எழுது. காரணம் எழுத வேண்டியதில்லை, அது எனக்குத் தெரியும். நான் நீலத்தை வாங்கிக்கொள்கிறேன், உன்மேல் எந்த வருத்தமும் இருக்காது. போனில் மட்டும் சொல்லாதே. நீ பேசி முடிப்பதற்குள் நான் குறுக்கே பேசிவிடுவேன். முப்பதாம் தேதிக்குள் கிடைக்கும்படி, எழுத்தில் பதில் அனுப்பு.